ஊட்டுக்கு ஒருத்தர்

வெள்ளகோவில்
30.6.1996

அன்பு மகள் கோகிலவாணிக்குச் சித்தப்பன் தம்பிதுரை எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, உன் அம்மா சென்னியம்மாள், களத்தில் காய்கிற தேங்காய் உட்பட எல்லோரும் சௌக்கியம். கோயமுத்தூரில் நீயும், உன் விடுதிச் சாப்பாடும், நீ கண்ணை வைத்துப் பார்க்கிற அந்த மைக்ராஸ்கோப்பும் சௌக்கியம்தானே?

சேதி பெரியது, உட்கார்ந்து படி. என் மகன், உன் அண்ணன் குமரேசனுக்கு மேட்டுப்பாளையத்தில் பெண் அமைந்துவிட்டது. பாக்கு மண்டிக்காரர்கள். மலையில் விளைகிற பாக்கில் பாதி அவர்கள் மண்டியில்தான் இறங்குகிறது. மீதிப் பாதியும் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வேறு மண்டிக்குப் போகும் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்ற பெண்ணின் அப்பா, நான் கிளம்புகிறவரை உட்காரவே இல்லை. அவருக்கு முழங்கால் மடங்காது என்கிறாள் உன் சித்தி. அவளுக்கு மரியாதை கண்ணில் படாது.

ஐப்பசி பதினாலு, புதன்கிழமை முகூர்த்தம். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. காலமான என் அண்ணனின் மகள் நீதான் குமரேசனுக்குத் தங்கை. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையைத் தங்கையும் பிடித்து நிற்கிற இணைச்சீர் இல்லாமல் நம் சனத்தில் கல்யாணம் ஏது? மாசாணம் பங்காளி தன் மகள் பூவாத்தாளை நிறுத்தலாம் என்று ஆரம்பித்தார். "ஏனுங்க பங்காளி, எங்கூட்டுப் புள்ள எமெஸ்ஸி படிச்சுட்டுக் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, இன்னொரு ஊட்டுப் புள்ளய நிறுத்தினா ஊரு என்னங்க பேசும்?" என்றேன். மனிதர் வெற்றிலையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இணைச்சீர்க்காரி இல்லாமல் ஒரு காரியமும் தொடங்க முடியாது. வருகிற பதினோராம் தேதி வியாழன் நிச்சயம், உறுதி வார்த்தை. அடுத்த திங்கள், ஆடி பிறக்குமுன் தாலிக்குத் தட்டானிடம் பொன் கொடுக்கிற நாள். இரண்டுக்கும் வந்துவிடு. கிளாஸ் எங்கே ஓடிவிடப் போகிறது?

உன் வரவுக்குப் பல்லடம் வரைக்கும் பந்தல் போடத் தயாராக இருக்கும்
சித்தப்பன்

*

கோயமுத்தூர்
5.7.1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அண்ணனுக்குப் பெண் அமைந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. வியாழன் காலையில் ஆய்வக வகுப்பு இருக்கிறது. பரவாயில்லை, வந்துவிடுகிறேன். பொன் கொடுக்கிற நாளுக்கும் வருகிறேன்.

இந்த வருடம் எங்கள் துறைக்கு ஞானாபரணம் மேடம் தலைவராக வந்திருக்கிறார். கொஞ்சம் கண்டிப்பு. வேறு விசேஷமில்லை.

அன்பு மகள்
வாணி

*

வெள்ளகோவில்
11.8.1996

என் கண்ணு கோகிலவாணிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். மழைதான் சுகமில்லை.

நீ உறுதி வார்த்தைக்கு வந்தாய், பொன்னுக்கு வந்தாய், ஆடிப்பெருக்குக்கும் வந்தாய். சம்பந்தி வீட்டில் உன் பேச்சாகவே இருக்கிறதாம். ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சம்பந்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "புள்ளைக்குக் காலேசு இல்லீங்களா, அடிக்கடி வருதே?" என்று கேட்டார். நான் விடுவேனா? "காலேசு இருக்குதுங்க. ஆனா இது பெரிய படிப்பு பாருங்க, போய் உக்கோரணும்னு இல்லீங்க. வாத்தியாருங்களே சந்தேகம் வந்தா இவ ரூமுக்கு வந்து கேட்டுட்டுப் போறாங்க" என்றேன். அசந்துபோனார். நீ பக்கத்தில் காப்பித் தட்டோடு நின்றிருந்தாய். உன் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. வெயிலாக இருக்கும்.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை ஈரோட்டில் ஜவுளி. வேலைநாளில் போனால்தான் கடைக்காரன் நின்று நிதானமாக எடுத்துப் போடுவான். அடுத்த வெள்ளி மேட்டுப்பாளையம் போய்வர வேண்டும். நீ இல்லாமல் சேலைக்கு நிறம் பார்க்க எங்களுக்குக் கண் ஏது?

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

சித்தப்பன்

*

கோயமுத்தூர்
30.8.1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம். எல்லோரும் நலமா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேரில் வரும்போதெல்லாம் பந்தி நடுவில் இருக்கிறீர்கள், சொல்ல முடியவில்லை. எங்களுக்கும் தினம் காலையில் பெயர் கூப்பிடுகிறார்கள். எம்.எஸ்ஸி. என்பதால் விலக்கு ஒன்றும் கிடையாது. நடக்கிற வகுப்பில் முக்கால் பங்குக்காவது இருந்தாக வேண்டும். குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி இதே வகுப்பில் உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவையும் போன நாள், திரும்பின நாள் எல்லாம் சேர்ந்து நான் இப்போது அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டேன்.

ஞானாபரணம் மேடம் கூப்பிட்டு, "உனக்குப் படிப்பு வேணுமா, வேண்டாமான்னு வீட்டுல கேட்டுட்டு வா" என்றார். அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இருக்காது என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் கல்யாணம் முடிந்தால் அடுத்த பேச்சு என் கல்யாணம்தான். உங்களுக்குத் தெரியும்.

துறையிலிருந்து பெரியவர்களுக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இனி கல்யாணத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டாம்.

வாணி

*

வெள்ளகோவில்
5.9.1996

கண்ணு கோகிலவாணிக்கு, சௌக்கியத்தோடு சிரிப்பும் சேர்த்து அனுப்புகிறேன்.

ஒன்றாங் கிளாஸ் பிள்ளை மாந்தோப்புக்கு ஓடிவிடும் என்று பேர் கூப்பிடுவார்கள், நியாயம். நான் எட்டாவது வரைக்கும் போனதே அந்தப் பேர் கூப்பிடுகிற பயத்தில்தான். பதினேழாங் கிளாஸ் படிக்கிற உங்களையுமா கூப்பிடுகிறார்கள்? டீக்கடையில் சொன்னால் ஒருவனும் நம்பவில்லை. "அப்பறம் படிச்சு என்னத்துக்குங்க?" என்கிறான்.

இதற்கா நீ கலங்குகிறாய்? நம் சனத்தில் ஒரு பெரிய காரியம் என்றால் ஊட்டுக்கு ஒருத்தர் போய்த் தலையைக் காட்டினால் போதும், முழு வீடும் வந்த கணக்கு. முத்தூர் எழவுக்கு உனக்கும் உன் அம்மாவுக்கும் சேர்த்து நான்தானே போய் நின்றேன்? யாராவது நீ வரவில்லை என்றார்களா? உலகம் அப்படித்தான் நடக்கிறது. ஒரு காலேஜு அதை மாற்றிவிடுமா?

கையெழுத்து எல்லாம் தபாலில் அனுப்புகிற ஆள் நானில்லை. உங்கள் காலேஜு கமிட்டியில் இருக்கிற பெரியவர் என் தேங்காய் இல்லாமல் சட்னி தொடமாட்டார். விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நிம்மதியாகத் தூங்கு.

சித்தப்பன்

*

வெள்ளகோவில்
20.9.1996

வெற்றி, கண்ணு! எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை நீ அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தந்தி பார்த்து இங்கே ஓடி வந்தபோது, நான் ஊரில் இல்லாததைக் கவனித்திருப்பாய். சம்பந்தி வீட்டுப் பெண்கள் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தது. சும்மா கூப்பிட்டால் நீ வரமாட்டாய். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நீ இங்கே, நான் அங்கே. உன் கிளாஸில்!

வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. கடைசி பெஞ்சு. கோகிலவாணி என்று கூப்பிட்டார்கள். ஊரே கேட்கிற மாதிரி "ஆஜருங்க" என்றேன். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள், அப்படி ஒரு குரல். உங்கள் மேடம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தென்னைக்கு வருகிற நோய் பற்றிப் பேச்சு வந்தது. நான் எழுந்து நாலு வார்த்தை சொன்னேன். புத்தகத்தில் இல்லாததெல்லாம் சொல்கிறீர்களே என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கிளம்பும்போது காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரே வற்புறுத்தல். "நான் காப்பிக்கு வரலைங்க, கடமைக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

இனி எப்போது தேவையோ ஒரு வரி எழுது. உனக்குப் பதில் நான்.

சித்தப்பன்

*

கோயமுத்தூர்
27.9.1996

சித்தப்பாவுக்கு.

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மன்னியுங்கள்.

என்ன நடந்தது என்று அமலி சொன்னாள். என் அறைத்தோழி, உங்களுக்கு முன் பெஞ்சில் இருந்தவள். நீங்கள் ஆஜர் சொன்னதும் மேடம், "யாருங்க நீங்க?" என்று கேட்டார். "கோகிலவாணி ஊட்டு ஆளுங்க. ஊட்டுக்கு ஒருத்தர் வந்தாப் போதாதுங்களா?" என்றீர்கள். கைதட்டவில்லை சித்தப்பா. சிரித்தார்கள். காப்பியும் இல்லை. மேடம் உங்களை வராந்தாவுக்கு அழைத்துப்போய் மரியாதையாக அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி இவளுக்கு யாரெல்லாம் ஆஜர் சொல்லியிருக்கீங்க?"

யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் உண்மையில் இருந்த நாட்கள்கூட இப்போது சந்தேகத்தில் கிடக்கின்றன. மறுநாள் மேடம் அறையில் நின்றேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்ததால் போனேன் என்றேன். "உங்க சித்தப்பா, கல்யாணப் பேச்சுக்குப் போயிருக்கிறதா சொன்னாரே?" என்றார். பொய் சொன்னவள் நான் ஆகிவிட்டேன்.

கடைசியாக ஒரு வழி விட்டிருக்கிறார். இன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் ஒரு வகுப்பும் விடக்கூடாது. ஒன்று விட்டாலும் எனக்காகப் பரிந்துரை எழுதமாட்டார். ஐப்பசி பதினாலு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய வகுப்பு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாசாணம் பெரியப்பா பூவாத்தாளைச் சொன்னபோது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? ஊட்டுக்கு ஒருத்தர் போதும் என்றால் இணைச்சீருக்கு அவள் போதாதா? சில இடத்தில் அவரவரே நிற்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்துதானே இருக்கிறது?

அவளையே நிறுத்திக்கொள்ளுங்கள். அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வாணி

*

வெள்ளகோவில்
12.10.1996

மகளுக்கு அம்மா எழுதுவது. கால் தேவலை. நீ சாப்பிடுகிறாயா? பரீட்சை என்று பட்டினி கிடக்காதே.

உன் காகிதம் வந்ததிலிருந்து உன் சித்தப்பா ஒரு இடத்தில் உட்காரவில்லை. களத்துக்குப் போகிறார், பாதியில் திரும்பி வருகிறார். வாசலில் செருப்பைப் போடுகிறார், கழற்றுகிறார். டீக்கடையிலும் பேச்சில்லையாம். "அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்று கடைக்காரன் உன் சித்தியைக் கேட்டானாம்.

உனக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்து எழுந்து போய்விட்டார். பூவாத்தாளைக் கேட்கப் போவார் என்று பார்த்தோம். போகவில்லை. சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் திருமலைசாமி வீட்டுக்குப் போய், "இணைச்சீர விடியறக்கு முந்தியே வெச்சு முடிச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டாராம். "புள்ளைக்கு என்னங்க அவ்வளவு அவசரம்?" என்றாராம் அவர். "அவளுக்குக் கிளாஸ் இருக்குதுங்க" என்றாராம் உன் சித்தப்பா. வேறொன்றும் சேர்த்துச் சொல்லவில்லையாம். அருமைக்காரர் வந்து என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

எனக்காக ஓடி வந்துதான் உனக்கு இந்தக் கஷ்டம். காய்ச்சல் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

அம்மா

*

வெள்ளகோவில்
17.10.1996

அன்பு மகள் கோகிலவாணிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்.

பூவாத்தாள் வேண்டாம். நீதான். எல்லாம் யோசித்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை கிளாஸ் முடிந்ததும் பஸ் ஏறு. இணைச்சீரைக் கருக்கலிலேயே வைத்துவிடச் சொல்லி அருமைக்காரரை ஒத்துக்கொள்ள வைத்தாயிற்று. சீர் முடிந்ததும் நம் ஊர் மண்டப வாசலில் ஒரு காண்டஸா கார் நிற்கும். மதுக்கரையில் சிமெண்டு லாரி ஓட்டுகிற ஒரு முதலாளி எனக்கு உயிர் சிநேகிதர், அவருடைய கார். உள்ளே உட்கார்ந்தால் வெளியே மழை பெய்வது தெரியாது. அதன் டிரைவர் முன்னால் பந்தயக் கார் ஓட்டினவன். காங்கயத்தில் கண்ணை மூடினால் சிங்காநல்லூரில் திறக்கலாம். உங்கள் காலேஜு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது நீ அங்கே நிற்பாய்.

தாலி கட்டுவதை நீ பார்க்க முடியாது. அது ஒன்றுதான் குறை. பரவாயில்லை. நான் முன்னால் நின்று ஒன்றுவிடாமல் பார்த்து உனக்கு எழுதுகிறேன்.

சித்தப்பன்

*

கோயமுத்தூர்
22.10.1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம். நான் நலம். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

வருகிறேன். ஒரே ஒரு கேள்வி. கார் நிச்சயம்தானே? எந்த மாதிரிக் கார், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். வருமா, வராதா?

வாணி

*

வெள்ளகோவில்
2.11.1996

அன்பு மகள் கோகிலவாணிக்கு, உன் அண்ணனும் அண்ணியும் நாங்களும் சுகம். விருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு மட்டும் சுகமில்லை.

முகூர்த்தம் பார்க்கவில்லை என்று உனக்கு மனக்குறை இருக்கக் கூடாது. ஒன்றுவிடாமல் எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, கேள்.

மேளக்காரன் கன்னம் வெடிக்கிற மாதிரி ஊதினான். மண்டபத்தில் நிற்க இடமில்லை. நம் ஊர் ஆட்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். குமரேசன் பட்டு வேட்டியில் ராஜா மாதிரி இருந்தான். தாலியைக் கையில் எடுத்ததும் அவன் திரும்பி என்னைத் தேடினான். "பதறாதே கண்ணு" என்று நான் மெதுவாகச் சொன்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். முடிச்சுப் போடும்போது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தது பார், அட்சதை ஒன்று அதன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை விழவே இல்லை. சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கலங்கவில்லை. நான் கலங்குகிற ஆளா?

போட்டோக்காரன் மட்டும் மடையன். தாலி கட்டுகிற படம் எதிலும் நான் விழவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டான்.

பரீட்சைக்கு நுழைவுச்சீட்டு வந்ததா? எழுது.

சித்தப்பன்

*

கோயமுத்தூர்
8.11.1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம். நான் மிகவும் நலம். சித்திக்கும் அம்மாவுக்கும் அண்ணன் அண்ணிக்கும் தீபாவளி வாழ்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அமலிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அட்சதை இடத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்க சித்தப்பா எவ்வளவு கவனமா பார்த்திருக்கார்" என்றாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? சீர் முடிந்து, கூறைச்சேலை முனையை விட்ட கையோடு நாம் மண்டப வாசலுக்கு வந்தோம். காண்டஸா வரவில்லை. அம்பாசடர்கூட வரவில்லை. தெருவில் ஒரு நாய்தான் நின்றது. நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றேன். நீங்கள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "நாஞ் சொன்ன காரு வரல. அதுக்குப் பதிலா நான் வாரேன், நட அம்மணி" என்றீர்கள். உள்ளே மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பஸ்ஸில் காங்கயம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். கண்டக்டர் கேட்டது நினைவிருக்கிறதா?

"ஏனுங்க பெரியவரே, பட்டு வேட்டி, சந்தனம், மாலை… யாருக்குங்க கண்ணாலம்?"

"எம் பையனுக்குங்க."

"எப்பங்க?"

"இப்பத்தானுங்க. ஆயிட்டிருக்குது."

அதற்குமேல் அவர் டிக்கெட்டுத்தான் கிழித்தார். பல்லடம் தாண்டியதும் உங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். முகூர்த்த நேரம் அப்போதுதான் முடிந்திருக்கும். உங்கள் மாலையிலிருந்து என் சேலையில் பூ உதிர்ந்துகொண்டே வந்தது. நான் தட்டிவிடவில்லை.

உங்கள் இடத்தில் மாசாணம் பெரியப்பா நின்றாராம். அம்மா எழுதியிருக்கிறாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். அன்றைக்கு வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டபோது, சீருக்குக் கட்டிய சேலையோடு எழுந்து நின்று "ஆஜர் மேடம்" என்றேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார். என்னை, என் நெற்றிச் சந்தனத்தை, பிறகு ஜன்னல் வழியாகப் புங்கமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த உங்களை.

"அன்னிக்கு வந்தவர்தானே? இன்னிக்கு எதுக்கு வந்திருக்கார்?"

"என்னைக் கொண்டுவந்து விட வந்தாருங்க மேடம். எங்கண்ணனுக்கு இன்னிக்குக் கல்யாணம். அவர் மாப்பிள்ளையோட அப்பா."

வகுப்பில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மேடம் பேனாவை மூடினார், திறந்தார்.

"அப்ப அங்க யாரு நிக்கறாங்க?"

"ஊட்டுக்கு ஒருத்தர் நிக்கறாங்க மேடம்."

அவர் குனிந்து என் பெயருக்கு நேரே எழுதினார். முகம் தெரியவில்லை. மணி அடித்ததும் பியூனிடம் உங்களுக்குக் காப்பி கொடுத்தனுப்பினார். நீங்கள் அதற்குள் போய்விட்டீர்கள். விருந்துக்காவது போய்ச் சேர வேண்டும் என்று ஓடியிருப்பீர்கள். காப்பியை நான்தான் குடித்தேன்.

நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. பரீட்சை முடிகிறவரை அம்மாவுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போட்டோக்கள் எதுவும் எனக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதம் போதும். நீங்கள் எழுதியிருப்பது போலத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. யார் கேட்டாலும் அண்ணனுக்கு நேர் எதிரே, அட்சதை தெரிகிற தூரத்தில் நீங்கள் நின்றீர்கள். அங்கே உங்கள் பெயரைக் கூப்பிட்டால் ஆஜர் சொல்ல நான் இருக்கிறேன்.

உங்கள் ஊட்டு ஆள்
வாணி